ஒரு பக்கத்துக்குள் இன்ஜினை நிறுத்துவது எப்படி

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டது ஒரே ஒரு பக்கம். தூரத்தில் நின்று படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில், விமானக் கொட்டகையின் சுவரில் ஒட்டுவதற்கு. தலைப்பைக்கூட அவர்களே கொடுத்துவிட்டார்கள்: "பிஸ்டன் விமான இன்ஜினைப் பாதுகாப்பாக நிறுத்தும் முறை." அதற்குக் கீழே இருக்கும் வெள்ளையை நிரப்புவதுதான் என் வேலை.

கேட்டவர் பறக்கும் கிளப்பின் செயலாளர். கிளப் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஓர் ஓடுபாதை, தகரக் கூரை போட்ட கொட்டகை, அதற்குள் காரைவிடக் கொஞ்சம் பெரிதான சில விமானங்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட ஒரு கம்பத்தில் தொங்கும் துணிக்குழாய். என் அக்கா அங்கே மெக்கானிக். அக்காவின் கணவர், என் அத்தான், அங்கே பறக்கக் கற்றுக்கொடுப்பவர். அவர் கெடுப்பார், இவள் சரிசெய்வாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு என்று இரண்டு பேருமே வெவ்வேறு அர்த்தத்தில் சொல்வார்கள்.

செயலாளரிடம் என்னைச் சிபாரிசு செய்தது அக்கா. "என் தம்பி எழுத்தாளர், சும்மாதான் இருக்கான்" என்றாளாம். என் வாழ்க்கை வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுத முடியாது. அதில் உள்ள மரியாதை பாதியிலேயே தீர்ந்துபோவது உட்பட.

பிறகு எனக்குப் போன் செய்தாள்.

"ஒரு பக்கம்டா. கதை எழுதித் தொலைக்காதே."

"சரிக்கா."

"உவமை கிவமை எதுவும் கூடாது. இன்ஜினை இன்ஜினாவே எழுது. அதை வச்சு என்னையும் உங்க அத்தானையும் பத்தி எதையாவது சொல்லி வச்ச, பல்லைத் தட்டிடுவேன்."

அவள் இதைச் சொல்லும் வரை எனக்கு அப்படி ஒரு யோசனையே இல்லை. சத்தியமாக.

2

தொடக்கங்கள்.

முதல் தொடக்கம்: "விமானம் வந்து நின்றவுடன் இன்ஜினை நிறுத்திவிடக் கூடாது. காற்றுக்கு எதிராக முகத்தைத் திருப்பி நிறுத்தி, மெதுவான சுற்றில் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். பறந்து வந்த சூடு எல்லாச் சிலிண்டரிலும் ஒரே சீராகத் தணிய வேண்டும். சூட்டோடு சூடாக நிறுத்தினால் உலோகம் ஒரு பக்கம் சுருங்கும், இன்னொரு பக்கம் சுருங்காது. விரிசல் அன்றைக்கே தெரியாது." (இங்கே ஓர் உவமை இருந்தது. எடுத்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: "அன்று மழை வருகிற மாதிரி இருந்தது. விமானத்தைச் சீக்கிரம் உள்ளே தள்ள வேண்டும் என்று அக்கா ப்ரொப்பெல்லரின் மேல் கையை—"

வேண்டாம். இவ்வளவு சீக்கிரம் வேண்டாம்.

மூன்றாவது தொடக்கம்: "என் அக்காவின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது."

இது நல்ல தொடக்கம் என்று எனக்கே தெரிந்தது. நல்ல தொடக்கம் கிடைத்துவிட்டதில் ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அடுத்த கணம் எதை வைத்துச் சந்தோஷப்படுகிறேன் என்று உறைத்தது. எழுத்தாளர்களைச் சொந்தக்காரர்களாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சுவரில் ஒட்ட ஒரு பக்கம் தனியாக வேண்டும்.

3

நீங்கள் இதைப் படிப்பதற்கு இன்ஜினைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். எனக்கு அது தெரியவே இல்லை. கிளப்பின் சாப்பாட்டு மேஜையில் அக்கா சொல்லிக்கொடுத்தாள், ஒரு கண்ணாடி டம்ளரையும் என் பேனாவையும் வைத்து. பேனா இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.

"கார்ல எப்படி நிறுத்துவ?"

"சாவியைத் திருப்பி."

"இதுல அப்படி நிறுத்தக் கூடாது. இங்க ஒரு சிவப்புக் குமிழ் இருக்கும். இன்ஜினுக்குப் போற பெட்ரோல் அது கையில. அதைக் கடைசி வரைக்கும் வெளிய இழுக்கணும். இழுத்தா பெட்ரோல் நின்னுடும், இருக்கறதை எரிச்சுட்டு இன்ஜின் தானா ஓயும். சிலிண்டர் காலி. புரியுதா?"

"சாவி எதுக்கு அப்ப?"

"ப்ராப், அதான் ப்ரொப்பெல்லர், நின்னதுக்கு அப்புறம் சாவியை ஆஃப் பண்ணி, கழட்டி, டாஷ்போர்டு மேல, கண்ணாடிக்கு அடியில வைக்கணும். வெளிய நிக்கறவன் பாக்கணும். சாவி அங்க இருந்தா இன்ஜின் செத்திருக்குன்னு அர்த்தம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அர்த்தம்னு நாம நினைச்சுக்கறோம்" என்றாள்.

அந்த ஒரே ஒரு விஷயம் இதுதான். ஸ்பார்க் ப்ளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோ என்ற கருவி, பேட்டரியை நம்பி இருப்பதில்லை. இன்ஜின் சுற்றினால் அது சுற்றும். அது சுற்றினால் பொறி வரும். வானத்தில் மின்சாரம் முழுக்கப் போனாலும் இன்ஜின் ஓடவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். சாவியை ஆஃப் செய்யும்போது ஒரு மெல்லிய கம்பி அந்தப் பொறியை ப்ளக்குக்குப் போகவிடாமல் எர்த் பண்ணிவிடுகிறது, அவ்வளவுதான். அந்தக் கம்பி அறுந்துவிட்டால்? வீட்டில் கம்பி அறுந்தால் மின்விசிறி நிற்கும். இதில் கம்பி அறுந்தால் எதுவும் நிற்காது. சாவி ஆஃபில் இருக்கும், கண்ணாடிக்கு அடியில் சமத்தாக உட்கார்ந்திருக்கும், இன்ஜின் மட்டும் உயிரோடு காத்துக்கொண்டிருக்கும். யாராவது ப்ரொப்பெல்லரைக் கையால் லேசாக அசைத்தால் போதும். ஏதாவது ஒரு சிலிண்டரில் ஒரு மூச்சு பெட்ரோல் மிச்சமிருந்தால் போதும்.

(இங்கேயும் ஓர் உவமை இருந்தது. பெரியது. எடுக்கும்போது வலித்தது.)

கம்பி அறுந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. சிவப்புக் குமிழை இழுப்பதற்கு முன்னால், இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, சாவியைக் கண்சிமிட்டும் நேரத்துக்கு ஆஃபுக்குத் திருப்பி உடனே பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இன்ஜின் சத்தம் தடுக்கி விழுந்து எழுந்தால் கம்பி நன்றாக இருக்கிறது. விழாமல் ஓடிக்கொண்டே இருந்தால் யாரும் கிட்டே போகக் கூடாது.*

\* "கண்சிமிட்டும் நேரம்" என்பதை அக்கா உவமை என்றாள். இல்லை, அது அளவு என்று வாதாடி ஜெயித்தேன். இந்தக் கதையில் நான் ஜெயித்தது இந்த ஓர் இடத்தில்தான்.

4

அத்தான் அந்தச் சோதனையைச் செய்வதை நிறுத்தியிருந்தார்.

இப்படி ஒரு வரியை எழுதிவிட்டு அதற்குக் காரணம் எழுதாமல் விட்டால் அவர் வில்லன் ஆகிவிடுவார். ஆக்கியும் பார்த்தேன். ஒரு பிரதியில் அவருக்கு மீசைகூட வைத்தேன். பொருந்தவில்லை. பறந்து இறங்கிய பிறகு இறக்கையை ஒரு தட்டு தட்டிக் கொடுத்துவிட்டு வருகிற ஆள் அவர். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்தும் தட்டுவார்.

காரணம் இது. கற்றுக்கொள்கிறவர்களுக்குச் சாவியைக் கண்சிமிட்டும் நேரத்துக்குத் திருப்ப வராது. ஆஃபில் அப்படியே பிடித்து வைத்திருந்துவிட்டு, ஐயோ என்று திரும்பக் கொண்டுவருவார்கள். அதற்குள் எரியாத பெட்ரோல் சைலன்சரில் போய்ச் சேர்ந்திருக்கும். டமார்.

ஒருநாள் சைலன்சர் பிளந்துவிட்டது. அக்கா அதைக் கழற்றி, கரி படிந்த கையோடு, கிளப் முற்றத்தில் எல்லாருக்கும் முன்னால் அத்தானிடம் நீட்டினாள். அந்தப் பேச்சு அங்கே இன்னும் பிரசித்தம்.

"கேப்டன் சார், இது என்னன்னு தெரியுதா?"

"சைலன்சர்."

"சைலன்சர் இல்ல. இது என் ஞாயித்துக்கிழமை. உங்க பசங்க ஆளாளுக்குச் சாவியைத் திருகி வெடி வெடிப்பாங்க, நான் உக்காந்து வெல்டிங் பண்ணிட்டே இருக்கணும். இல்ல?"

"சோதனை பண்ணச் சொல்லித்தாம்மா கத்துக்குடுக்கணும்."

"ஒழுங்கா பண்ணத் தெரியலன்னா பண்ணவே வேணாம். கைகூப்பிக் கேக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். அடுத்த நாளிலிருந்து அவர் தன் மாணவர்களை அந்தச் சோதனையைச் செய்யவிடவில்லை. கொஞ்ச நாளில் அவரும் செய்வதில்லை. அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்தன. அவர் காட்டிய அன்புக்கு அடையாளம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இதைவிட மோசமான அடையாளம் கிடைக்காது.

அந்த நாட்களில் ஏதோ ஒரு பொழுதில், அதிர்ந்து அதிர்ந்து, ஒரு விமானத்தில் அந்த மெல்லிய கம்பி அறுந்திருக்கிறது.

மழை மேகம் கட்டிய அந்தப் பிற்பகல் அத்தான் இறங்கி வந்தார். இன்ஜினை ஆறவிட்டார். ரேடியோவை அணைத்தார். சிவப்புக் குமிழைக் கடைசி வரை இழுத்தார். ப்ரொப்பெல்லர் நின்றது. சாவியைக் கழற்றிக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். கொட்டகைக் கதவைத் திறக்கப் போனார். அக்கா விமானத்தை இழுக்கும் கம்பியோடு வந்தாள். அதை முன்சக்கரத்தில் மாட்ட வேண்டும். ப்ரொப்பெல்லரின் ஓர் இலை நேர்கீழாக நின்று வழியை மறித்தது. முதல் சொட்டு விழுந்தது. கண்ணாடிக்கு அடியில் சாவியைப் பார்த்தாள். யார் வைத்த சாவி என்று தெரியும். நின்ற ப்ரொப்பெல்லரையும் ஓடுவதாகவே நினைக்க வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவள், கையை—

(இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.)

5

சாதாரணமாக இப்படி ஒன்று நடந்தால் உன்னால்தான், உன்னால்தான் என்று சண்டை போடுவார்கள். எனக்கும் எழுத வசதியாக இருந்திருக்கும். இவர்கள் விஷயத்தில் நடந்தது தலைகீழ். தப்பை இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார்கள்.

மருத்துவமனை அறையில், கட்டுப்போட்ட கை தலையணைமேல் இருக்க, நானே கேட்டது:

"நான்தான் சோதனை வேணாம்னு சொன்னேன். நான் சொன்னதைக் கேட்டீங்க. அவ்வளவுதான்."

"நீ திட்டினது பண்ற விதத்தை. பண்றதையே விட்டது நான்."

"கைகூப்பிக் கேட்டேனே."

"நீ கோவத்துல எவ்வளவோ கேப்ப. வீட்டை விட்டுப் போயிடுங்கன்னுகூடக் கேட்டிருக்க. போனேனா?"

"ப்ராப்ல கை வச்சது யாரு? நீங்களா?"

"சாவியைப் பாத்துட்டுத்தானே வச்ச? வச்சது யாரோட சாவி?"

நர்ஸ் வந்து, சத்தம் போடாதீங்க, பக்கத்துல தூங்கறாங்க என்றார். கொஞ்ச நேரம் இருவரும் தாழ்ந்த குரலில் தப்புக்காகச் சண்டை போட்டார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். சிரிப்பு வந்தது. ஜன்னல் கண்ணாடியில் என் முகம் அழுகிற மாதிரி இருந்தது.

அக்கா வீடு திரும்பிய கொஞ்ச நாளில் அத்தான் ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு கிளப்பின் பின்னறைக்குக் குடிபோய்விட்டார். விமானத்தில் ஏறுவதில்லை. கரும்பலகையில் மட்டும் பாடம் எடுத்தார். அக்கா வேலைக்குத் திரும்பினாள். போல்ட்டுகள் கழன்றுவிடாமல் மெல்லிய கம்பி முறுக்கிப் பூட்டுவார்களே, அதை அவளால் முறுக்க முடியவில்லை. மற்றவர்கள் முறுக்க அவள் பார்த்துச் சொன்னாள். ஒரே கொட்டகை. அவர் வரும்போது இவள் இன்ஜினுக்குப் பின்னால் போவாள். இவள் வரும்போது அவருக்குப் போன் வரும்.

6

அதனால் கதையை மாற்றினேன்.

எழுதுகிறவனுக்கு வேறென்ன அதிகாரம் இருக்கிறது? இரண்டாம் பிரதியில் அத்தான் சாவியை ஒரு கணம் ஆஃபுக்குத் திருப்புகிறார். இன்ஜின் விழாமல் ஓடுகிறது. முகம் வெளுக்கிறது. ஜன்னலைத் திறந்து, "யாரும் கிட்ட வராதீங்க" என்று கத்துகிறார். அக்கா இழுவைக் கம்பியோடு நனைந்துகொண்டு தூரத்திலேயே நிற்கிறாள். பத்து விரல்களும் மடங்குகின்றன. பின்னால் மழை. எழுதி முடித்தபோது என் கண்ணில் நீர் தளும்பியது. அதுவே அது மோசமான எழுத்து என்பதற்குச் சாட்சி.

அக்காவிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள்.

"என் கையைச் சரிபண்ணிட்ட போல."

"ஆமாக்கா."

"நல்லாத்தான் இருக்கு." தாளை மடித்தாள். இரண்டு விரல்கள் தாளுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. "ஆனா இதுல நான் யாரு? இடது கையால சட்டைப் பட்டன் போடக் கத்துக்க நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா உனக்கு? அதெல்லாம் நடக்கவே இல்லன்னு எழுதியிருக்க. பின்ன அழுதது யாருடா?"

தாளைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன்.

"மாத்திடு. கையை அப்படியே வை" என்றாள். போகும்போது திரும்பி, "அவரை மட்டும் கொஞ்சம் நல்லாப் பண்ணு. சாவியை வச்சுட்டு இறங்கும்போது இறக்கையைத் தட்டுவாரு, அதை விட்டுட்ட" என்றாள்.

7

ஒரு சந்தேகம். அத்தான் ஏன் போனார்? கதைக்கு நடுவில் நின்றுகொண்டு இதைக் கேட்கும் எழுத்தாளனை நீங்கள் மன்னிக்க வேண்டும். பாத்திரங்கள் என்ன செய்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஏன் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மற்ற எழுத்தாளர்களுக்கு இந்தக் கஷ்டம் இருப்பதாகத் தெரியவில்லை.

அக்காவின் விளக்கம்: "அவரால என் கையைப் பாக்க முடியல. பாத்தாலே கண்ணைத் திருப்பிக்கறாரு. அவரு கஷ்டப்பட வேணாம்னுதான் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டேன். அப்பவும் இருக்க முடியல, போயிட்டாரு."

பின்னறைக்குப் போனேன். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் மேகங்களின் வகைகளைக் காட்டும் பழைய படம். அத்தான் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். காலரைத் தேய்க்கத் தெரியவில்லை. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"ஏன் அத்தான் வந்துட்டீங்க?"

"நீ எழுதறதுக்கா கேக்கற?"

"இல்ல." (பொய்.) 

"என்னைக் கண்டா அவ கையை ஒளிச்சுக்கறா. சாப்பிடறப்போ ஸ்பூனை இடது கையில பிடிச்சுக்கிட்டு, வலது கையை மேஜைக்கு அடியில வச்சுக்கறா. சொந்த வீட்லயே ஒருத்தி கையை ஒளிச்சுக்கிட்டு வாழணுமா? என் மூஞ்சியைப் பாத்தா அவளுக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகம் வருது. நான் இல்லன்னா கையை மேஜை மேல வச்சுக்கலாம்ல." இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். "இதை அவகிட்ட சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

சொல்லவில்லை. எழுதினேன்.

அவர் கண்ணைத் திருப்பியதால் இவள் கையை மறைத்தாள். இவள் மறைத்ததால் அவர் போனார். அவர் போனதால் இவள்— (நான்கு உவமைகள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.)

8

அந்தப் பகுதி வரைக்கும் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். இந்த முறை உட்கார்ந்து படித்தாள். கடைசிப் பக்கத்தில் நிறைய நேரம் இருந்தாள். எவ்வளவு மெதுவாகப் படித்தாலும் அவ்வளவு நேரம் ஆகாது.

"மூணாவது பகுதியில தப்பு இருக்கு" என்றாள்.

"என்ன தப்பு?"

"இன்ஜின் ஓயறதுக்கு முன்னாடி என்ன ஆகும்னு எழுதல. குமிழை இழுத்தவுடனே சத்தம் இறங்காது. முதல்ல ஒரு நொடி வேகம் கொஞ்சம் கூடும். பெட்ரோல் குறையக் குறைய நல்லா எரியற அளவு ஒண்ணு வரும், அதைத் தாண்டித்தான் நிக்கும். கூடாம நின்னா ஏதோ கோளாறுன்னு அர்த்தம். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். தாள்களை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

சில நாள் கழித்துச் செயலாளர் சொன்னார். பழுது பார்த்த விமானத்தைத் தரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். புதுக் கம்பி போட்டிருக்கிறது, சோதிக்க வேண்டும். எப்போதும் அக்காவே இடது இருக்கையில் உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பாள். ஆனால் சிவப்புக் குமிழ் இரண்டு இருக்கைக்கும் நடுவில், வலது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது; அதன் மையத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே அடுத்த இரண்டு விரல்களால் பின்னால் இழுக்க வேண்டும். அந்த அடுத்த இரண்டு விரல்கள்தான் மடங்காதவை.

"வலது பக்கம் உக்காந்து இடது கையால இழுக்கலாமேம்மா" என்றிருக்கிறார் செயலாளர்.

"இழுக்கலாம்."

"பின்ன என்ன?"

"அவரைக் கூப்பிடுங்க."

9

காலை. வெயில். துணிக்குழாய் சோம்பலாகத் தொங்கியது. அத்தான் வந்தார், தேய்த்த காலரோடு. சட்டைப்பையில் மடித்த தாள்கள் எட்டிப் பார்த்தன. என் கையெழுத்தை என்னால் எவ்வளவு தூரத்திலிருந்தும் கண்டுபிடிக்க முடியும். அவ்வளவு அசிங்கம். அவர் என்னைப் பார்த்து, "சொல்ல மாட்டேன்னியே" என்றார்.

"சொல்லல அத்தான்."

"படுபாவி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

அக்கா விமானத்துக்கு முன்னால், ஒதுங்கி, அவர் பார்வை படும் இடத்தில் நின்றாள். சத்தத்தில் பேச முடியாது. எல்லாம் கைச்சைகைதான். சைகை காட்டுகிறவர் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ள முடியாது.

பிரேக் போடு என்பதற்கு, திறந்த உள்ளங்கையைத் தோளுக்கு மேலே காட்டி, பிறகு முஷ்டியாக மூட வேண்டும். அக்கா வலது கையை உயர்த்தினாள். காட்டினாள். மூடினாள். முஷ்டி மூடவில்லை. இரண்டு விரல்கள் நீட்டிக்கொண்டு நின்றன. அவள் கையை இறக்கவில்லை.

அத்தான் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கண்ணைத் திருப்பவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், சாட்சிக்கு. பிரேக் போட்டுவிட்டேன் என்று அவரும் தன் முஷ்டியைக் காட்டினார். மூடிய முஷ்டியிலிருந்து, யோசித்தா யோசிக்காமலா தெரியாது, இரண்டு விரல்களை நீட்டினார்.

அக்கா தொழிலில் இப்படி ஒரு சைகை கிடையாது. அவள் வாய் அசைந்தது. "திமிரு" என்று இருக்கலாம்.

இன்ஜின் ஓடியது. சூடாகி, வேகம் எடுத்து, இறங்கி, மெதுவான சுற்றுக்கு வந்து ஆறியது. அக்கா தலையசைத்தாள். அத்தானின் கை சாவிக்குப் போவது தெரிந்தது. அங்கேயே நின்றது. நின்றது. அக்கா அசையாமல் இருந்தாள். பிறகு சத்தம் தடுக்கி விழுந்தது. ஒரு கணம் முழு மௌனம், மரணம் மாதிரி— (மன்னிக்கவும், தப்பிவிட்டது) எழுந்து மறுபடி ஓடியது. டமார் இல்லை. கண்சிமிட்டும் நேரம்.

கம்பி நன்றாக இருக்கிறது.

அக்கா வலது கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தாள். நிறுத்து. அத்தான் குமிழை இழுத்தார். எனக்குக் காது கூர்மையாயிற்று. ஆமாம், அவள் சொன்னபடிதான். ஓய்வதற்கு முன்னால் ஒரு நொடி, வேகம் கொஞ்சம் கூடியது.

பிறகு நின்றது. சாவி கண்ணாடிக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. அத்தான் இறங்கினார். இறக்கையைத் தட்டினார். நடந்து வந்து அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றார்.

"முழுசா விழுந்துச்சு. கேட்டியா?"

"கேட்டேன்."

"ஆஃப்ல முழுசா விழுந்துச்சு."

"கேட்டேங்க."

ப்ரொப்பெல்லரின் ஓர் இலை நேர்கீழாக நின்று முன்சக்கரத்தை மறித்துக்கொண்டிருந்தது. அன்று நின்ற அதே நிலை. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"இன்ஜின் ஆற எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார், இத்தனை வருஷமாக அதைப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பவர்.

"ஆகும்" என்றாள் அக்கா. "நில்லுங்க."

10

இங்கே ஒரு முடிவு வேண்டும். வைத்திருக்கிறேன், ஒன்றுக்கு மேல்.

ஒரு முடிவில் அத்தான் முன்னால் போய் இலையை நகர்த்துகிறார். ஒன்றும் ஆகவில்லை. புதுக் கம்பி. ஆனால் அதை எழுதும்போது அக்காவின் முகத்தை என்னால் எழுத முடியவில்லை.

இன்னொன்றில் அக்காவே இடது கையால் நகர்த்துகிறாள். தைரியசாலி. படிப்பவர்கள் கைதட்டுவார்கள். அத்தான் அந்த நிமிஷமே பின்னறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வெளியூர் போய்விடுவார்.

மூன்றாவதில் யாரும் ப்ரொப்பெல்லரைத் தொடுவதில்லை. இழுவைக் கம்பி இல்லாமலும் விமானத்தை நகர்த்தலாம். மெதுவாகத்தான் போகும். இரண்டு இறக்கைக்கும் அடியில் சாய்வாக ஒரு தாங்குகோல் உண்டு. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ள வேண்டும். ஒருவராக முடியாது. ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் வண்டி வட்டமடிக்கும். ஒருவர் அவசரப்பட்டால் கோணிக்கொள்ளும். நடுவில் விமானத்தின் உடல் மறைப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனால் மற்றவர் தள்ளுகிறாரா இல்லையா என்பது கைக்குத் தெரியும். அதற்கு விரல் மடங்க வேண்டியதில்லை, உள்ளங்கை போதும்.

(இங்கே ஓர் உவமையும் இல்லை. தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.)

இதுதான் நடந்ததா என்று கேட்டால் சொல்ல மாட்டேன். பல் முக்கியம். எது நடந்திருந்தாலும் அந்த இரண்டு விரல்கள் மடங்கப்போவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை வாங்கிய விலையும் குறையப்போவதில்லை. எழுதிக் குறைக்கலாம் என்றுதான் நானும் உட்கார்ந்தேன்.

செயலாளர் கேட்ட பக்கம் இன்னும் தயாராகவில்லை. கடைசி வரி மட்டும் தயார், அக்கா சொன்னது: நின்ற ப்ரொப்பெல்லரையும் ஓடுவதாகவே நினைக்கவும்.

நான் இங்கே எழுந்துகொள்கிறேன். அவர்கள் இருவரும் இன்னும் வெயிலில் நின்றுகொண்டிருக்கிறார்கள், இடையில் ஓர் ஆள் நிற்கும் தூரம். அவள் கை பாக்கெட்டுக்கு வெளியே இருக்கிறது. சாவி கண்ணாடிக்கு அடியில் இருப்பது உங்களுக்கும் தெரிகிறது. இனி முடிவு உங்கள் கையில். எங்கே வேண்டுமானாலும் வையுங்கள் கையை, தாங்குகோலில், இறக்கையில், அவர் தோளில், அவள் தோளில்.

ப்ரொப்பெல்லரின் மேல் மட்டும் வேண்டாம். ஆறட்டும்.